அந்தராத்மாவின் வாக்கு

1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் என்ற புதிய ராஜ்யம் உதயமானபோது அதன் முதலாவது முதன்மந்திரியாகப் பதவியேற்ற நீலம் சஞ்சீவ ரெட்டி, பிறப்பால் அனந்தப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தவராயினும், சட்டசபையில் காளஹஸ்தித் தொகுதியின் பிரதிநிதியாகவே அமர்ந்திருந்தார். பொன்முகலி ஆற்றங்கரையில் ஈசன் வாயுலிங்கமாக எழுந்தருளியிருக்கும் அந்த க்ஷேத்திரத்தின் சார்பில் பேசிய அந்த மனிதர், பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றபோது, அந்தத் தோல்விக்குக் காரணமாக நாடெங்கும் சொல்லப்பட்டது பணமன்று, ஜாதியன்று, பாஷையுமன்று, மனச்சாட்சி. வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள் தங்கள் கட்சியின் தீர்மானத்தைப் பின்பற்ற வேண்டுமா, தங்கள் அந்தராத்மா காட்டிய வழியில் செல்ல வேண்டுமா என்ற கேள்வி, மடங்களிலும் பாடசாலைகளிலும் வேதாந்த விசாரத்துக்கு உரியதாக இருந்த ஒரு கேள்வி, அந்த ஒரு மாத காலம் தினசரிப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் நின்றது. உள்ளத்தில் எழும் ஒரு குரலை மனிதன் எப்போது தர்மத்தின் குரலென்று நம்பலாம் என்ற பழைய வினாவுக்கு அத்தேர்தலை ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்து ஆந்திரத்தில் காங்கிரஸ் என்பது பல கட்சிகளுள் ஒன்றாக இருந்ததில்லை. ராஜ்யம் உதயமான நாள் முதல் 1983 ஜனவரியில் என். டி. ராமராவ் ஆட்சியைப் பெறும் வரையில், 1973ல் நடந்த ஜனாதிபதி ஆட்சி நீங்கலாக, வேறெந்தக் கட்சியும் அங்கே மந்திரிசபை அமைக்கவில்லை. 1967ல் சென்னை ராஜ்யம் உட்படப் பல ராஜ்யங்களில் காங்கிரஸ் வீழ்ந்தபோதும் ஆந்திரச் சட்டசபையின் 287 ஸ்தானங்களில் 165 அதன் வசமாயின. வடநாடெங்கும் அக்கட்சி துடைத்தெறியப்பட்ட 1977லும் ஆந்திரத்தின் 42 லோக்சபைத் தொகுதிகளில் 41 அதற்கே கிட்டின. ஆட்சிக்கு வரத்தக்க மாற்றுக் கட்சியொன்று கண்ணுக்குத் தெரியாத இத்தகைய ராஜ்யத்தில் கட்சியின் கட்டளை குலாசாரத்தின் கனத்தைப் பெற்றுவிடுகிறது. அதை மீறுகிறவனுக்குப் போய்ச் சேர வேறிடமில்லை. வெளியே நடக்க வேண்டிய வாதமும் எதிர்வாதமும் கட்சிக்காரனுடைய நெஞ்சுக்குள்ளேயே நடந்து தீர வேண்டும். ஆகவேதான், மாறி மாறி ஆட்சி நடக்கும் தேசங்களைக் காட்டிலும் ஒரே கட்சி வேரூன்றிய ராஜ்யத்தில் மனச்சாட்சியின் பிரச்னை அதிக உக்கிரமாக எழுகிறது.

1969 மே 3ஆம் தேதி ஜனாதிபதி ஜாகிர் ஹுசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு, காமராஜ், மொரார்ஜி தேசாய் முதலியோரின் ஆதரவினால், சஞ்சீவ ரெட்டியை அபேட்சகராகத் தேர்ந்தது; ஜகஜீவன் ராமை முன்மொழிந்த பிரதமர் இந்திரா காந்தியின் பக்கம் பெரும்பான்மை இல்லை. தற்காலிக ஜனாதிபதியாக இருந்த வி. வி. கிரி, பதினான்கு வங்கிகளைத் தேசியமயமாக்கும் அவசரச் சட்டத்தில் ஜூலை 19ஆம் தேதி கையொப்பமிட்டு, மறுநாளே பதவியைத் துறந்து, சுயேச்சை அபேட்சகராகக் களத்தில் நின்றார். சஞ்சீவ ரெட்டியின் பெயரை முன்மொழிந்து நியமனப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் பிரதமரே. பிறகு, காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் சேர்ந்த தலைவர்களைக் கண்டு அவர்களுடைய இரண்டாம் விருப்ப வாக்குகளை நாடினார் என்ற செய்தி பரவியதும், கட்சி உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு பிறப்பிக்கப் பிரதமர் மறுத்து, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தார். ஆகஸ்ட் 16ஆம் தேதி வாக்குப் பதிவு நடந்தது.

போட்டியிட்ட இருவரும் தெலுங்கர்கள் என்பது ஆந்திரச் சட்டசபை உறுப்பினருக்கு அந்தத் தேர்தலை மேலும் கடினமாக்கியது. கிரி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெர்ஹாம்பூரில் பிறந்தவர். 1937ல் பொப்பிலி ராஜாவைத் தோற்கடித்து ராஜாஜியின் மந்திரிசபையில் இடம் பெற்றவர். பாஷாபிமானமோ பிரதேசாபிமானமோ இவ்விருவருள் ஒருவரைத் தேர்ந்து தர வல்லதாக இல்லை. அதனினும் சிறப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. தொழிலாளர் மந்திரியாக இருந்த கிரி, வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை மத்திய சர்க்கார் மாற்றியதை ஏற்க இயலாமல் 1954ல் நேருவின் மந்திரிசபையிலிருந்து விலகினார். சஞ்சீவ ரெட்டியோ, பஸ் மார்க்கங்களைத் தேசியமயமாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தம் சர்க்காரைக் குறித்துக் கூறிய அபிப்பிராயத்தைத் தலைவணங்கி ஏற்று, யாரும் நிர்ப்பந்திக்காமலே 1964ல் முதன்மந்திரிப் பதவியைத் துறந்தார். 1967ல் லோக்சபையின் சபாநாயகரானதும், நடுநிலைமைக்குக் களங்கம் நேரலாகாதென்று, முப்பத்துநான்கு வருஷங்களாக அங்கம் வகித்த காங்கிரஸை விட்டே நீங்கினார். ஆக, கட்சிக் கட்டுப்பாட்டின் பிரதிமையாக நிறுத்தப்பட்டவர் தர்மத்தை முன்னிட்டு இரண்டு முறை எதையேனும் கைவிட்டவர். மனச்சாட்சியின் பிரதிமையாக நிறுத்தப்பட்டவரும் அவ்வாறு ஒரு பதவியை விட்டவரே.

ஆகஸ்ட் 20ஆம் தேதி எண்ணியபோது முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. மற்ற அபேட்சகர்கள் நீங்கிய பிறகு, ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் நிறுத்திய சி. டி. தேஷ்முக்கின் வாக்குகளும் பகிரப்பட்ட பின்னர், கிரிக்கு 4,20,077ம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427ம் ஆக முடிவு வந்தது. வித்தியாசம் 14,650. ஆந்திரச் சட்டசபை உறுப்பினர் ஒருவருடைய வாக்குக்கு அத்தேர்தலில் 125 மதிப்பு. அந்தக் கணக்கின்படி, கிரிக்கு வாக்களித்தவர்களில் 59 உறுப்பினர் எண்ணத்தை மாற்றிக் கொண்டிருந்தால் ராஷ்டிரபதி பவனத்தில் வேறொருவர் குடியேறியிருப்பார். சீட்டில் எவருடைய பெயரும் இல்லை. ரகசிய வாக்கு என்று அரசியல் சாசனமே விதித்திருக்கிறது. யார் மனச்சாட்சிக்கு அஞ்சினார், யார் பிரதமருக்கு அஞ்சினார், யார் பிராந்தியத் தலைவருக்கு அஞ்சினார் என்பதை அவரவர் மாத்திரமே அறிவர்.

இங்கேதான் நம்முடைய சாஸ்திரங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனு ஸ்மிருதி தர்மத்துக்கு மூலங்களாக வேதத்தையும், ஸ்மிருதியையும், சான்றோரின் ஆசாரத்தையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஆத்ம துஷ்டியையும் சேர்க்கிறது. அந்த வரிசை அர்த்தபுஷ்டியுள்ளது என்பது என் எண்ணம். உள்ளத்தின் நிறைவுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் முதலிடம் இல்லை. வேதத்திலும் ஸ்மிருதியிலும் பெரியோர் நடையிலும் தோய்ந்து பழகிய ஒருவனுடைய உள்ளமே, மற்ற மூன்றும் மௌனமாக இருக்கும் இடத்தில் பேசத் தகுதி பெறுகிறது. வள்ளுவரோ இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார். பொய்யுரைப்பவனைத் தண்டிக்க வெளியேயிருந்து ஒரு நீதிபதி வர வேண்டியதில்லை, அவனுடைய நெஞ்சே அவனைச் சுடும் என்கிறார். வள்ளுவருடைய நெஞ்சு செயலுக்குப் பின்னர் தண்டிப்பது. மனுவின் ஆத்மா செயலுக்கு முன்னர் வழிகாட்டுவது. அரசியல்வாதி எப்போதும் நாடுவது செயலுக்கு முன்னர் அனுமதி தரும் குரலையே; பின்னர்ச் சுடும் நெஞ்சை அன்று.

காளிதாசனுடைய சாகுந்தலத்தில் இவ்விஷயத்தில் ஓர் ஆழ்ந்த எச்சரிக்கை பொதிந்திருக்கிறது. ஆசிரமத்தில் சகுந்தலையைக் கண்டு மோகித்த துஷ்யந்தன், இவள் க்ஷத்திரியன் மணக்கத் தக்கவளா என்று ஐயுற்று, சந்தேகமான விஷயங்களில் நல்லோருடைய அந்தக்கரணத்தின் நாட்டமே பிரமாணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக் கொள்கிறான். அவன் சொன்ன தத்துவம் உண்மையே. நாடகமும் அவனுடைய ஊகத்தை மெய்ப்பிக்கிறது. ஆயினும் அதே அரசன், பின்னொரு நாள், கர்ப்பிணியாகத் தன் சபையில் வந்து நின்ற அதே பெண்ணை அறியேன் என்று அதே அந்தக்கரணத்தோடு மறுக்கிறான். துர்வாசருடைய சாபம் காரணம் என்று கவி அவனைக் காப்பாற்றுகிறார். சாபத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் நமக்கு எஞ்சுவது யாது? ஆசைக்கு அனுகூலமாக இருந்தபோது உரக்கப் பேசிய உள்ளம், ஒரு கடமையைச் சுமத்த வேண்டிய வேளையில் ஊமையாயிற்று. உள்ளத்தின் குரலைச் சோதிக்கும் வழி இதில் அடங்கியிருக்கிறது: அக்குரல் நமக்கு எதைத் தருகிறது என்பதைவிட, நம்மிடமிருந்து எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிரேக்க தேசத்து ஸாக்ரதர் தமக்குள்ளே ஒரு தெய்விகக் குரல் கேட்பதுண்டு என்றும், அது எந்தக் காரியத்தையும் செய் என்று ஏவியதில்லை, செய்யாதே என்று தடுத்தது மட்டுமே உண்டு என்றும் ஏதென்ஸ் நியாயசபையில் கூறினார். காந்தியடிகள் 1933 மே 8ஆம் தேதி ஹரிஜன சேவையை முன்னிட்டு இருபத்தொரு நாள் உபவாசத்தை ஆரம்பித்தபோது அது ஓர் அந்தர்வாணியின் கட்டளை என்றார். அத்தகைய குரலைக் கேட்பதாகச் சொல்ல எல்லோருக்கும் அதிகாரம் இல்லை, நீண்ட சாதனையினால் அதற்குத் தகுதி பெற வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தி வந்தார். இவ்விருவரும் கேட்ட குரல் முதலில் அவர்களையே கட்டியது. ஒருவர் விஷத்தை அருந்தினார். மற்றவர் தம் வயிற்றைக் காயப் போட்டார்.

மனச்சாட்சிக்கும் விதிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது தமிழனுக்குக் காளஹஸ்தியாகிய காளத்தி மலையைவிடச் சிறந்த பிரமாண பூமி கிடையாது. சேக்கிழார் பெரிய புராணத்தில் விவரிக்கும் கண்ணப்பர் கதையை நாம் பெரும்பாலும் பக்தியின் வெற்றியாக, ஆசாரத்தின் தோல்வியாக வாசித்து விடுகிறோம். அவ்வாறு வாசிப்பது அக்கதையின் பாதியை விட்டுவிடுவதாகும். பன்றி வேட்டையில் மலையேறி வந்த வேடர் திண்ணனார், பின்னாளில் கண்ணப்பர் எனப்பட்டவர், அம்மலையில் உறையும் குடுமித் தேவரைக் கண்ட மாத்திரத்தில் தம்மை மறந்தார். வாயில் முகந்த நீரால் திருமஞ்சனமாட்டினார், தலையில் செருகிய மலரைச் சூட்டினார், தாம் சுவைத்துப் பார்த்து இனிதென்று கண்ட இறைச்சியைப் படைத்தார். தினந்தோறும் ஆகம விதிப்படி பூசனை செய்ய வரும் சிவகோசரியார் எலும்பும் ஊனும் சிதறிக் கிடந்த சந்நிதியைக் கண்டு பதறி, துடைத்துச் சுத்தி செய்து, மீண்டும் பூசித்துப் போனார். ஒருவர் செய்ததை மற்றவர் நீக்குவதும், நீக்கியதை மறுபடி படைப்பதுமாக நாட்கள் சென்றன. இருவருள் எவரும் வஞ்சகர் அல்லர்; இருவருடைய அன்பும் ஒரே இலக்கை நோக்கியது.

இறைவன் சிவகோசரியாரின் கனவில் தோன்றிச் சொன்னது என்ன என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உன் ஆகமத்தைத் தீயிலிடு என்று அவர் சொல்லவில்லை. இனி வேடனைப் பின்பற்று என்றும் சொல்லவில்லை. மறைந்திருந்து பார் என்று மட்டுமே பணித்தார். விதியைக் காப்பவனுக்கு ஈசன் விதித்த ஒரே கடமை, விதிக்கு வெளியே நிற்பவனுடைய செயலை அவன் அறியாதபடி கண்ணால் காண்பது. ஆறாம் நாள், ஒளிந்து நின்ற அந்த அந்தணர் கண்டது யாது? இறைவனுடைய வலக்கண்ணிலிருந்து உதிரம் பெருகியது. பச்சிலைகளால் அது நிற்காதது கண்ட வேடன், ஊனுக்கு மருந்து ஊனே என்ற தன் குல வழக்கை நினைத்து, அம்பினால் தன் கண்ணை அகழ்ந்து அப்பினான். இடக்கண்ணிலும் குருதி வரவே, அவ்விடத்தை அடையாளம் காணக் காலை ஊன்றிக் கொண்டு மற்றக் கண்ணையும் பெயர்க்கப் புகுந்தான். இறைவனுடைய கை தோன்றித் தடுத்தது. திண்ணனார் ஓரிடத்திலேனும் தாம் உள்ளத்தின் ஏவலால் இதைச் செய்வதாகப் பிறரிடம் சொல்லவில்லை. தம்மை ஒருவர் பார்க்கிறார் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆகமத்தை மீறியதனால் அவர் பெரியவராகவில்லை. மீறியதற்கு ஈடாகத் தம் கண்ணையே அன்றிச் சிவகோசரியாருடைய கண்ணைக் கேட்கவில்லை என்பதனாலேயே பெரியவரானார்.

அதே க்ஷேத்திரத்தின் தல புராணத்தில் இன்னொரு கதையும் வழங்குகிறது. இதை நம் அரசியல்வாதிகள் யாவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாதாளத்திலிருந்து மாணிக்கங்களைக் கொண்டுவந்து நாகம் ஒன்று லிங்கத்துக்குச் சாத்தியது. பின்னர் வந்த யானை, அவற்றைக் குப்பையென்று தள்ளி, துதிக்கை நீரால் நீராட்டி, வில்வத்தை இட்டது. நாகத்துக்கோ இலைகள் குப்பையாகத் தோன்றின. இவ்வாறு வளர்ந்த கோபத்தில் நாகம் யானையின் துதிக்கைக்குள் புகுந்தது. வேதனை தாளாத யானை துதிக்கையை மோதிக் கொண்டு, தானும் மாண்டு நாகத்தையும் மாய்த்தது. ஈசன் இரண்டுக்கும் முக்தி அளித்தார். பக்தி உண்மையாக இருந்தும், ஒன்றன் காணிக்கையை மற்றொன்று காணிக்கையாகப் பார்க்க மறந்ததனால் விளைந்த நாசம் அது. 1969 நவம்பர் 12ஆம் தேதி பிரதமரையே காங்கிரஸிலிருந்து விலக்கி, அம்மகாசபை இரண்டாகப் பிளந்தபோது, கட்டுப்பாட்டை தர்மம் என்று நம்பிய நல்லவர்களும், சமதர்மத்தை தர்மம் என்று நம்பிய நல்லவர்களும் இரு பக்கத்திலும் இருந்தார்கள். ரகசியச் சீட்டில் கட்சியின் தீர்மானத்தின்படியே வாக்களித்த ஆந்திர உறுப்பினர் ஒருவரை, மனச்சாட்சி இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? கொறடா இல்லாத இடத்தில், யாரும் கண்டுபிடிக்க இயலாத நிலையில், கொடுத்த வாக்கைக் காப்பது அவருடைய அந்தராத்மாவின் தீர்ப்பாகவே இருந்திருக்கலாம்.

ஆகவே வாக்களித்தவர்களைப் பற்றி நான் தீர்ப்புக் கூறத் துணியவில்லை. தலைவர்களைப் பற்றிக் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். கட்சியின் கட்டுப்பாட்டைப் புனிதமென்று பேசிய நிஜலிங்கப்பா, அந்தக் கட்சியின் கொள்கையை எதிர்க்கும் கட்சிகளிடம் இரண்டாம் விருப்பத்தை யாசித்தது, காக்கப் புறப்பட்ட பொருளின் மதிப்பைத் தாமே குறைத்துக் கொண்டதாகும். இந்திரா காந்தியின் நிலை இதனினும் கவலைக்குரியது. சஞ்சீவ ரெட்டியை ஏற்கத் தம் உள்ளம் ஒப்பவில்லை என்றால், நியமனப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்திருக்கலாம்; கையெழுத்திட்ட பின்னர் உள்ளம் மாறியிருந்தால், தாம் முன்மொழிந்தவரைத் தாமே ஆதரிக்க இயலவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லி, அதனால் வரும் பழியைத் தாமே ஏற்றிருக்கலாம். இந்த இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் அதை மனச்சாட்சி என்று நான் தயங்காமல் வணங்குவேன். பிறருடைய மனச்சாட்சியைத் திறந்துவிட்டு, தம் கையெழுத்தைத் தீண்டாமல் வைத்துக் கொண்டது, வேறு ஏதோ ஒன்று. அதிகாரத்தில் உள்ள ஒருவர் தமக்கு அனுகூலமான திசையில் பிறரைச் சுதந்திரமாக நடக்கச் சொல்லும்போது, கேட்பவனுக்குச் சுதந்திரம் எவ்வளவு எஞ்சுகிறது?

தேர்தல் முடிந்த பிறகும் அதன் நிழல் நீங்கவில்லை. சஞ்சீவ ரெட்டியைத் தூஷிக்கும் பெயரற்ற துண்டுப் பிரசுரம் ஒன்று வாக்காளர்களிடையே பரப்பப்பட்டது என்ற குற்றச்சாட்டோடு சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு எழுந்தது. பதவியிலிருந்த ஜனாதிபதி கிரி, தமக்கிருந்த உரிமையைப் பாராட்டாமல், நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 1970ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. எழுதியவன் பெயரை மறைத்த காகிதத்துக்கு, நாட்டின் முதற்பிரஜை கோர்ட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைக்குந்தோறும் அந்த வயோதிகரிடம் எனக்கு மரியாதை மிகுகிறது.

1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் சட்டசபைகளுக்குள்ளே கொறடாவின் கையைப் பலப்படுத்தியது. ஜனாதிபதித் தேர்தலுக்கு அது பொருந்தாது. அவ்வாக்கை எந்தக் கட்சியும் கொறடா கொண்டு கட்டுப்படுத்த இயலாது. பழைய சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து 2022 முதல் திருப்பதி ஜில்லாவில் சேர்ந்திருக்கும் காளஹஸ்தியின் சட்டசபை உறுப்பினர், தம்முடைய பதவிக் காலத்தில் வேறெந்தப் பெரிய விஷயத்திலும் இல்லாத சுதந்திரத்தோடு அந்த ஒரு சீட்டைக் கையில் ஏந்துகிறார்.

சஞ்சீவ ரெட்டி தோல்விக்குப் பின் அனந்தப்பூருக்குத் திரும்பி விவசாயத்தில் ஈடுபட்டார். 1975ல் பொதுவாழ்வுக்கு மீண்டு, 1977ல் ஆந்திரம் முழுவதும் காங்கிரஸ் வென்ற தேர்தலில் நந்தியாலிலிருந்து ஜனதாக் கட்சியின் ஒரே வெற்றியாளராக வந்து, அவ்வருஷம் ஜூலையில் போட்டியின்றி ஜனாதிபதியானார். அவருக்கு எதிராக அந்தராத்மாவை அழைக்க அப்போது எவரும் இல்லை. அழைப்பு அவருக்கே வந்தது, இரண்டு வருஷங்களுக்குப் பிறகு. 1979ல் மொரார்ஜி தேசாய் பதவி விலகிய பின் சரண் சிங்கை அழைத்ததும், லோக்சபையை ஒரு நாளேனும் சந்தியாத அந்தப் பிரதமருடைய ஆலோசனையை ஏற்று ஆகஸ்ட் 22ஆம் தேதி சபையைக் கலைத்ததும் அவர் தனித்து எடுத்த முடிவுகள். ஜகஜீவன் ராமுக்கு ஒரு வாய்ப்பு அளித்திருக்க வேண்டும் என்று பலர் கருதினார்கள்; நானும் அவ்வாறே கருதுகிறேன். ஆனால் சபையைக் கலைத்த ஆணையில் சஞ்சீவ ரெட்டி தம் பெயரைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டார். நாடு தொடுத்த நிந்தையை வேறொருவர் தலையில் ஏற்றவில்லை. 1982ல் பதவிக் காலம் முடிந்ததும் மீண்டும் அனந்தப்பூருக்கே போனார்.